மூன்றாவது லெவல்

“பிரஷர் மாத்திரைய எங்க ஒளிச்சு வெச்சீங்க? ஸ்கூல் பஸ் போயிடும்!” சியாமளா டீச்சரின் சத்தம் எதிர் ஃபிளாட் வரை கேட்டது.

“தேடு சியாமு. இது மூணாவது லெவல். துப்பு வேணும்னா கேளு.”

இருபத்தெட்டு வருஷம் வீடியோ கேம் செய்த நந்தகோபால், வாரத்தில் இரண்டே நாள் வேலை என்று அரை ஓய்வைத் தானே கேட்டு வாங்கியவர். மிச்ச நாளில் ஆட்டம் காட்ட அந்த மேதைக்குக் கிடைத்தவள் பெண்டாட்டிதான். முதலில் உப்பு டப்பா, பிறகு மூக்குக்கண்ணாடி.

“முழுசா ஆபீசுக்கே போய்த் தொலைங்க. இல்லேன்னா நான் போறேன்.”

“கோபம் வருதா? அப்ப ஆட்டம் நல்லா அமைஞ்சிருக்கு.”

மாத்திரை அரிசிக்குள் கிடைத்தது. அடுத்த மாதமே டீச்சர் மாற்றல் வாங்கி ஊர் மாறிப் போனார். மனிதர் இன்னும் தேடுகிறார். எந்த ஊர் என்று ஃபிளாட்டில் எல்லோருக்கும் தெரியும். துப்புதான் யாரும் கொடுப்பதில்லை.