பீரோவுக்குள் ஒரு டேப்லெட்

பாடம் சொல்லித்தரும் டேப்லெட் ஒன்று மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாய் வந்தது. வந்த அன்றைக்கே இரும்பு பீரோவுக்குள் போய்விட்டது, பாவம். பிள்ளைகளிடம் பேச அதற்கு நாக்குத் துடித்தது.

"பூட்டண்ணே, என்னை எப்போதான் வெளியே விடுவீங்க?"

"பிள்ளைங்க தொட்டா கெட்டுப்போவியாம் தங்கச்சி. ஹெட்மாஸ்டர் உத்தரவு."

சரஸ்வதி பூஜையன்று பீரோ திறந்தது. டேப்லெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஹெட்மாஸ்டர் அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைக்கு நடுவே சாய்த்து வைத்தார்.

ஒரு சிறுமி ஆசையாய் விரலை நீட்டினாள். "சார், இதுல படிக்கலாமா?"

"பூஜையில வச்சதைப் படிக்கக்கூடாதும்மா. கும்பிட்டுக்கோ!"

சாயங்காலம் பீரோவை மறுபடி பூட்டினார்கள்.

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க தங்கச்சி?"

"நல்லாப் படிப்பு வரணும்னு என்கிட்ட வேண்டிக்கிட்டாங்க அண்ணே."