நீட்டிய ஸ்பானர்

தறிக்கூடத்துக்குள் மேலாளர் தாமோதரன் நுழைந்தால் போதும், வேலை செய்துகொண்டிருப்பவர்கள் கையிலுள்ள ஸ்பானரை அவரிடம் நீட்டிவிடுவார்கள். அவர் கேட்பதுகூட இல்லை. ஃபிட்டராக இருந்து மேலாளரானவர். யார் முடுக்கிய நட்டையும் கழற்றி, அதே இடத்தில் மறுபடி முடுக்கினால்தான் நகர்வார். "நீ இல்லாட்டி இங்க ஒரு நட்டும் அசையாதுப்பா. சூப்பர்வைசர் வேலைக்கு வெளியாளைத்தான் போடணும்" என்றார் முதலாளி. "நம்ம தறிக்கூடத்து எஸ்தரே பாத்துக்குவா முதலாளி. நேர்ல வந்து பாருங்க" என்று தாமோதரன்தான் அவரை அழைத்துவந்தார். நின்றுபோன தறியின் முன்னால் எஸ்தர் வழக்கம்போல் தாமோதரனிடம் ஸ்பானரை நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே பண்ணும்மா." "எதுக்குண்ணே ரெட்டை வேலை? எப்படியும் கழட்டத்தானே போறீங்க?" பக்கத்துத் தறியில் யாரோ சிரித்தார்கள். "சத்தியமா தொடமாட்டேன்." அவள் குனிந்து முடுக்கினாள். தறி ஓடியது. துணி பிசிறில்லாமல் இறங்கியது. "அப்ப இந்தப் பொண்ணையே போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி நடந்தார். எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதலாளி வாசலை எட்டுவதற்குள் அவருக்குப் பின்னால் தறி நின்றது. திரும்பிப் பார்த்தார். ஸ்பானர் தாமோதரன் கையில் இருந்தது. நட்டு சரியாகத்தான் இருந்தது. கழற்றத் தொடங்கியபோதே அது தாமோதரனுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை. எஸ்தர், அடுத்து அவருக்குத் தேவைப்படும் எண்ணெய்த் துணியை எடுத்து, அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.