கேடயக்காரி

மழை மூட்டமான மாலை. அறையில் விளக்குப் போடாமல் என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகச் சேரும் ஆன்லைன் விளையாட்டில் தனக்கென்று ஒரு வீராங்கனையை உருவாக்குகிறாள். வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர் எல்லோரையும் தள்ளிவிட்டு, கேடயம் ஏந்தி முன்வரிசையில் அடி வாங்குகிறவளைத் தேர்ந்தெடுக்கிறாள். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் வீட்டில் யாரும் பின்னால் நின்றவர்கள் இல்லை. மௌஸ் டிக் டிக்கென்று ஒலிக்கிறது. மூக்கு கூர்மையாகிறது, தோள் அகலமாகிறது. பிறகு வலது கன்னத்தில், காதிலிருந்து தாடை வரை, கருஞ்சிவப்பாக ஒரு தழும்பு படர்கிறது. சிறு வயதில் வெந்நீர் கொட்டி இவளுக்கு வந்த அதே தழும்பு. கல்யாணம் ஆகும்வரை வெளியே தெரியக் கூடாது என்று குடும்பமே பொத்திக் காக்கும் தழும்பு.

"என்னம்மா இது கண்றாவி? அழிச்சிடு. லட்சம் பேர் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்ப்பா. இங்க எல்லாரும் ஆசைப்பட்டு வெச்சுக்கறாங்க."

"அப்போ தலைக்கவசமாவது போட்டு மூடு."

"இருக்கு. நான்தான் வேணாம்னு விட்டுட்டேன்."

திரை பெயர் கேட்கிறது. "நம்ம குடும்பப் பேரை மட்டும் போட்டுடாதே" என்கிறேன். விசைப்பலகையின் மேல் அவள் விரல்கள் நிற்கின்றன. திரையில் கேடயக்காரி முழு முகத்தையும் காட்டி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள். "போடலப்பா" என்று என் மகள் திரும்புகிறாள். போட்டோ எடுக்கும்போதெல்லாம் நாங்கள் பழக்கிவிட்டபடி, இடது கன்னத்தை மட்டும் என் பக்கம் காட்டுகிறாள்.