சௌமிய வருஷம் வரைக்கும்

காப்பி வெள்ளித் தம்ளரில் வந்ததும் பொன்னுத்தாயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நாகவல்லி ஆச்சி வீட்டில் அவளுக்குக் காப்பி கிடைக்காமல் இல்லை. கொல்லை வாசலில், நசுங்கிய அலுமினிய லோட்டாவில் கிடைக்கும். உள் முற்றத்து வளவுக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, வெள்ளியில் ஆற்றிக் கொடுக்கிறார்கள் என்றால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள். வேறென்ன?

நாற்காலியில் அவள் உட்காரவில்லை. தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் எதிர்வீட்டு சரஸ்வதி. தன் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் சரஸ்வதிக்குத் தெரியாது. அடுத்த தெருவில் பத்திரம் எழுதினால் தெரிந்துவிடும். ஆச்சியின் கணக்கப்பிள்ளை ஏதோ பழைய பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு, பத்திரம் எழுதுகிற சத்தியமூர்த்தி வீட்டுக்கு மூன்று நாளாய் நடக்கிறார் என்று வந்து சொன்னவள் அவள்தான்.

போன சௌமிய வருஷத்தில் எழுதிய அறுபது வருஷக் குத்தகையாம். வருகிற சித்திரையில் மறுபடியும் சௌமியம் பிறக்கிறது. அன்றோடு கெடு முடிகிறது.

பொன்னுத்தாயிக்கும் அந்தக் கதை அரைகுறையாய்த் தெரியும்.

ஆச்சி வீடு முன் தெருவில் முகப்பைத் தொடங்கி, பின் தெருவில் கொல்லைக் கதவோடு முடிகிற, கட்டு கட்டாக நீண்ட வீடு. கடைசிக் கட்டில் அடுப்படி, கிணறு, நெல் அறை. அதன் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அறை ஓட்டு வீட்டில் இவள். அந்த மாளிகைக்கு நிலைக்கதவு செதுக்கிய செம்மலை ஆசாரி இவள் மாமனாரைப் பெற்றவர். அறுபது வருஷம் இருந்துகொள் என்று ஆச்சி வீட்டுப் பெரியவரான அந்தக் காலத்து அப்பச்சி அவருக்கு எழுதிக் கொடுத்தாராம். இவர்களிடம் இருந்த பத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது. கதையை அது தொடவில்லை.

வாடகை என்று யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதது மட்டுமா? தை பிறந்தால் ஆச்சி வீட்டிலிருந்து மூன்று மூட்டை நெல் வந்து இறங்கும். புருஷன் ஆண்டியப்பன் போன பிறகும் அது நிற்கவில்லை. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்து அனுப்புவாள் பொன்னுத்தாயி.

இன்றைக்கும் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். மகன் மருதுவுக்கு வைகாசியில் கல்யாணம். கல்லல் ஊர்ப் பெண். குடியிருக்க வீடில்லை என்று தெரிந்தால் பெண்வீட்டார் பேச்சை மாற்றிவிடுவார்கள். மூன்று வருஷம் போதும், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுவதாக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

கெஞ்ச விட்டால்தானே.

ஆச்சி மருதுவை விசாரித்தாள். கல்யாணத்துக்கு வெண்கலப் பாத்திரம் தருவதாகச் சொன்னாள். ஏய் பொன்னுத்தாயி என்று கூப்பிட்டே பழகிய கணக்கப்பிள்ளை, காப்பியை எடுத்துக்கிருங்க என்றார். பத்திரமும் கையுமாக உட்கார்ந்திருந்த சத்தியமூர்த்தி அவளுக்கு விசிறி எடுத்துக் கொடுத்தார்.

பொன்னுத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்தை அறுக்கப் போகிறவர்கள் இவ்வளவு நேரமா தடவிக் கொடுப்பார்கள்?

ஆச்சிதான் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

“முன்ன மாதிரியே அறுபது வருஷத்துக்கு எழுதிருவமா பொன்னுத்தாயி?”

காதில் விழுந்தது சரிதானா என்று அவள் ஒரு நிமிஷம் விழித்தாள். பிச்சை கேட்க வந்த இடத்தில் பேராசை தெரியக்கூடாது.

“அம்புட்டு எதுக்கு ஆச்சி. மூணு வருசம் போதும்.”

ஆச்சியின் முகம் செத்துப்போயிற்று. கணக்கப்பிள்ளை இருமினார். மூன்று வருஷத்தில் தாங்கள் எங்கே போவது, நாற்பது வருஷமாவது வைக்கக் கூடாதா என்று ஆச்சி கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், மூன்றே பெரிசு என்றாள் இவள். முப்பது என்றாள் ஆச்சி. நெல்லை ஐந்து மூட்டையாக்கிவிடலாம் என்று நடுவில் புகுந்தார் கணக்கப்பிள்ளை.

இது எந்த ஊர்ப் பேரம் என்று பொன்னுத்தாயிக்குத் தலை சுற்றியது. தாராளத்துக்கும் ஓர் அளவில்லையா? பெரிய வீட்டுக்காரர்கள் இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்று அவர்களுக்காகக் கவலையும் பட்டாள்.

கடைசியில் இருபது என்று தலையாட்டினாள், ஆச்சி மனசு நோகக்கூடாதே என்று.

சத்தியமூர்த்தி இருபதை நிரப்பி, பத்திரத்தை அவள் முன்னால் விரித்து, பேனாவைத் திறந்து கொடுத்தார். கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. மருது சொல்லிக் கொடுத்த கையெழுத்து அவளுக்குத் தெரியும். இருக்கிற இடம் அறிந்து, அடிக்கோட்டில் பேனாவை வைத்தாள்.

“அங்குட்டு இல்ல ஆத்தா, மேல. கடைசிக் கட்டு பூரா செம்மலை ஆசாரி மண்ணுல்ல. இடத்தைக் குத்தகைக்கு விடுறவுக மேல போடணும், எடுக்குற ஆச்சி கீழ.”

பேனா அந்தரத்தில் நின்றது.

சத்தியமூர்த்தி விளையாடுகிறாரோ என்று பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டின் கதவுகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். வளவிலிருந்து பார்த்தால் கட்டு கட்டாகத் தாண்டி, கடைசியில் கிணறு தெரியும். அடுப்படிப் புகை தெரியும். தை மாதம் மூட்டை வந்து இறங்குகிற கொல்லைக் கதவும் தெரியும். பொன்னுத்தாயி அதையெல்லாம் நிதானமாகப் பார்த்து முடித்தாள்.

பிறகு பேனாவை மூடிப் பத்திரத்தின் மேல் வைத்தாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“காப்பி ஆறிப்போச்சு ஆச்சி. வேற போடச் சொல்லுறீகளா?”

ஆச்சி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். கடைசிக் கட்டில், பொன்னுத்தாயியின் மண்ணில், பால் சட்டி அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது.