நீ மீன் இல்லைதானே?

“உங்க பொண்ணு என்னை நல்லா ஏமாத்துறாம்மா,” என்றார் டீச்சர், எடுத்த எடுப்பிலேயே.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு. பள்ளியில் சேர்ந்து நாளாகியும் ‘புதுசு’ என்ற பட்டப்பெயர் மட்டும் பழசாகவில்லை.

வீட்டில் ஒரு மொழி பேசிவிட்டு, இந்த இங்கிலீஷ் பள்ளிக்கு வந்து திருதிருவென்று முழிக்கும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்துபவர் டீச்சர். அதில் தேறினால்தான் மற்ற பிள்ளைகளோடு எல்லாப் பாடத்துக்கும் உட்கார முடியும். புதுசு தேறுவதாக இல்லை. எப்போது பரீட்சை வைத்தாலும் ஒரே இடத்தில் சறுக்கல்.

“பாருங்க. ‘யூ ஆர் நாட் எ ஃபிஷ், ஆர் யூ?’ நீ மீன் இல்லைதானேன்னு கேள்வி. உங்க பொண்ணு ‘யெஸ்’னு எழுதியிருக்கா!”

நம்மைக் கேட்டால் “ஆமா, இல்லை” என்போம். அந்த ஆமாவைத் தூக்கிக்கொண்டு போய் இங்கிலீஷில் ‘யெஸ்’ என்று வைத்தால் வந்தது வினை. ‘ஆமாம், நான் மீன்தான்’ என்று ஆகிவிடும். இல்லை என்றால் ‘நோ’தான். இதைக் கரடியாகக் கத்திக் கத்தியே டீச்சருக்கு ‘யெஸ்-நோ டீச்சர்’ என்று பேர் வந்திருந்தது.

“தெரியாம எழுதினா நான் ஏன் கோபப்படப் போறேன்? நேத்து வராந்தாவுல சின்னப் பிள்ளைங்களுக்கு இதே பாடத்தை உக்கார வெச்சு நடத்திட்டிருந்தா. ஒரு தப்பு இல்ல. பரீட்சைன்னா மட்டும் மீனாயிடுறா! வேணும்னேதான் செய்றா.”

“அப்படியெல்லாம் செய்ய மாட்டா, டீச்சர்.”

“பின்ன? என் வகுப்புல பாடம் கம்மி, நோகாம உக்காந்திருக்கலாம்னு பாக்குறா. இந்தத் தடவை தேறலைன்னா அடுத்த வருஷம் சயின்ஸ் பிரிவு கிடையாது. அது தெரியுமா உங்களுக்கு?”

அம்மாவுக்குத் தெரியாது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். சயின்ஸ், சயின்ஸ் என்று வீட்டில் உயிரை எடுப்பவள், இப்போது வாயே திறக்கவில்லை.

“அவளுக்கு நிஜமாவே வரலை டீச்சர்,” அம்மா கெஞ்சினாள். “இந்த மீன் கணக்கு லேசுல வராது. எனக்கே இப்பதான் பிடிபட்டுச்சு.”

“உங்களுக்கா?”

“நீங்க நடத்துறதை அப்படியே சாயங்காலம் வந்து எனக்கு நடத்துவா. அதுக்கு முன்ன ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற இடத்துல வேலை பாத்தேன். ஒருநாள் மெஷின் நின்னு போச்சு. ‘நீ அதைத் தொடலைதானே?’ன்னு சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல கேட்டாரு. ஆமா, தொடலைன்னு நினைச்சுக்கிட்டு ‘யெஸ், யெஸ்’னு தலையாட்டினேன். ஒத்துக்கிட்டேன்னு சீட்டைக் கிழிச்சுட்டாங்க.”

டீச்சர் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். மீனையும் பறவையையும் வைத்துச் சிரிக்கச் சிரிக்கத்தான் நடத்தியிருக்கிறார். அதில் ஒருவருடைய வேலை போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

“அதுக்கப்புறம் இங்கிலீஷ்னாலே எனக்கு வெறுப்பு, டீச்சர். இந்த வயசுல நமக்கு எங்க ஏறப்போகுதுன்னு விட்டுட்டேன். இவதான், ‘எனக்கும்தாம்மா வரலை, எப்பப் பாரு ஃபெயில்தான். நீயும் கூட உக்காரு, சேர்ந்தே படிப்போம்’னா. சரி, மக்குக்கு மக்கு துணைன்னு உக்காந்தேன். அவ பாஸாயிட்டா நான் ஒத்தையா என்ன பண்றது? நல்லவேளையா அவளும் ஃபெயிலாகிட்டே இருந்தா.”

சொல்லிவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா டீச்சர், இப்ப என்னைக் கேட்டுப் பாருங்களேன். அடுத்த வாரம் வேற இடத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “யூ ஆர் நாட் அஃப்ரெய்ட், ஆர் யூ?” பயமில்லைதானே?

“நோ,” என்றாள் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்து. “ஐ யாம் நாட்.”

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் இருந்த பெருமையை டீச்சர் இதுவரை எந்தப் பிள்ளையின் முகத்திலும், முதல் மார்க் வாங்கியபோதுகூடப் பார்த்ததில்லை. தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. நோகாமல் உட்காரப் பார்க்கிறாளாம்!

“புதுசு, இங்க பாரு,” என்றார், மெதுவாக. “உனக்கு ஒரே ஒரு கேள்வி. இதுதான் கடைசிப் பரீட்சை. யூ டிட் நாட் டூ இட் பர்ப்பஸ்லி, டிட் யூ?”

நீ வேண்டுமென்றே செய்யவில்லைதானே?

புதுசு அம்மாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். கண் கலங்கியது.

“யெஸ், டீச்சர்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா, மறுபடியும் தப்பு! செய்யலைன்னா ‘நோ’ன்னுல்லடி சொல்லணும்? எனக்கே தெரியுது!”

“இல்லம்மா,” என்றார் டீச்சர், விடைத்தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதியபடியே. “இந்தத் தடவை சரியாத்தான் சொல்லியிருக்கா.”