ஐந்து விரல் இடம்

மூன்றாவது முறையாக வெள்ளை வண்டியின் பின் சீட்டில் ஏறினான்.

முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடம்.

இறங்கினான். பக்கத்தில் நின்ற சாம்பல் வண்டி. ஐந்து விரல். ஆனால் பின் ஜன்னல் சின்னது. மகன் முகிலுக்குக் காற்று வேண்டும். மருதமலை ஏறுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பான்.

இரண்டுமே குட்டி எஸ்.யூ.வி. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மைலேஜ் கேட்கவில்லை. பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

"டிரைவர் சீட்ல ஒருக்கா உக்காந்து பாருங்க சார். ஓட்டப்போறது நீங்கதானுங்களே?" என்றாள் ஷோரூம் பெண்.

"இருக்கட்டும்மா."

நான்கு வருஷ வழக்கு. மகனைக் கண்ணால் பார்க்காத நான்கு வருஷம். போன வாரம்தான் கோர்ட் மனசு வைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, முகில் அப்பாவோடு.

வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராது. வண்டியில் வரும். முன்பெல்லாம் முகில் பின்னாலிருந்து சீட்டை உதைத்து உதைத்துப் பேசுவான். பழைய வண்டியை விற்ற அன்றுகூட அந்த ஷூ தடத்தை அவன் துடைக்கவில்லை.

வெள்ளையா, சாம்பலா?

"பின்னாடியே பாக்கறீங்களே. யாருக்குங்க சார்?"

"பையனுக்கு."

"எவ்ளோ ஒசரங்க?"

கையை நெஞ்சுக்கு நேராக நீட்டினான். கொஞ்சம் உயர்த்தினான். இன்னும் கொஞ்சம்.

கை அந்தரத்தில் நின்றது.

"சரி, வயசு சொல்லுங்க."

"பதினஞ்சு."

அவள் சிரித்துவிட்டாள். "என் தம்பிக்கும் அதே வயசுதானுங்க சார். அந்த வயசுல எவன் பின்னாடி உக்காருவான்? முன்னாடி ஏறி, பாட்டை மாத்திவிட்டு, ஓட்டறதுக்கு நமக்கே கிளாஸ் எடுப்பானுங்க."

அவனும் சிரிக்கப் பார்த்தான்.

காலையிலிருந்து இரண்டு வண்டியிலும் பின் சீட்டை மட்டுமே அளந்திருக்கிறான். பதினோரு வயசுப் பையனுக்கு.

சாம்பல் வண்டியின் இடது முன் கதவைத் திறந்தான். சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினான். முகில் உட்காரப்போகும் இடத்தில் உட்கார்ந்தான்.

கால் நீட்ட இடம் இருந்தது. தலைக்கு மேலும் இருந்தது. ஜன்னல் தாராளம்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

இங்கிருந்து முகிலுக்கு என்ன தெரியும்? வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டிரைவர் சீட் காலி. முகிலுக்கு நான்கு வருஷமாக அப்படித்தான்.

"இதையே முடிச்சிரலாங்களா சார்?" வெளியிலிருந்து அவள் குரல்.

அவன் பெல்ட்டைக் கழற்றவில்லை.