பொதுமக்கள் வீடு

"பொதுமக்கள் இருக்காங்களா?"

கதவைத் திறந்த அம்மாளிடம் அதிகாரி கேட்டார். கையில் தடித்த கோப்பு, நெற்றியில் வியர்வை.

"குளிச்சிட்டிருக்காரு. உள்ள வந்து உட்காருங்க தம்பி," என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் வியப்பில்லாமல்.

அந்த ஊர் மாநகராட்சி எதைச் செய்வதானாலும் முதலில் ஓர் அறிவிப்பு வெளியிடும். ‘பொதுமக்கள் தங்கள் கருத்தை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.’ எட்டு லட்சம் பேர் வசிக்கும் ஊரில் அதற்குப் பதில் எழுதுகிற ஒரே ஆள் இந்த வீட்டுக்காரர்தான். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். கருத்துக்கேட்புப் பிரிவின் பதிவேட்டில் ‘பொதுமக்கள்’ என்ற தலைப்பின் கீழ் வரிசை எண் ஒன்று. வரிசை எண் இரண்டு கிடையாது.

பதினோரு வருடமாக இப்படித்தான். அவருக்குப் பல் பிடுங்கிய வாரம், கருத்து வராததால் ஒரு மேம்பாலம் அப்படியே நின்றுபோனது. மருமகனோடு அவர் சண்டை போட்ட மாதம், ‘பொதுமக்கள் கொதிப்பில் உள்ளனர்’ என்று கோப்பில் ஏறியது.

அப்படிப்பட்டவர் போன மாதத்தோடு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், அதிகாரியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொதுமக்கள் இனிமே வாயைத் திறக்க மாட்டாங்க. போயிட்டு வாங்க."

"சார், இன்னிக்குக் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள உங்க கருத்து வரலேன்னா கோப்பு காலாவதி ஆயிடும். மேலிடத்துல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"விடட்டும். நானூத்திப் பன்னெண்டு கருத்து எழுதியிருக்கேன். ஒண்ணாவது நடந்துச்சா? எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு! உங்க ஆபீஸ் நடைவழியில ஒரு உடைஞ்ச பீரோ நிக்குதே, அதை எடுங்கன்னு மட்டும் முப்பத்தேழு தடவை எழுதினேன். இன்னும் வர்றவன் போறவன் முட்டியைப் பேத்துக்கிட்டுத்தானே நிக்குது?"

"இவரு முட்டியைத்தான் அதிகமா பேத்திருக்கு," என்றார் மனைவி, டீயை வைத்தபடி. "வாரத்துக்கு நாலு நாள் அங்கேயே கிடந்தா வேற யாரு முட்டியைப் பேர்க்கும்?"

"நீ சும்மா இரு. தம்பி, எனக்குப் பட்டம் வேணாம், பதவி வேணாம். நான் சொன்னதுல ஒரே ஒரு காரியம் நடந்து, அதை இந்தக் கண்ணால பார்க்கணும். அவ்வளவுதான்."

அதிகாரி நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், இது நடக்கும். இன்னிக்குச் சாயந்திரமே நடக்கும். வாட்ச்மேன்ல இருந்து ஆணையர் வரைக்கும் ஆபீசே ஒத்தக்கால்ல நிக்குது."

"அப்படி என்ன விஷயம்?"

"பல வருஷமா ஆபீஸ்ல ஒரு பெரிய இடைஞ்சல் சார். அதனால ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. அதை எடுத்துடலாம்னு எல்லாருக்கும் ஆசை. ஆனா பொதுமக்கள் சம்மதிக்காம எடுக்க முடியாதே!"

மெக்கானிக்கின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பீரோ!"

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். "பேரை நான் சொல்லக் கூடாது சார். கருத்து எழுதுறவருக்கு அதிகாரி விளக்கம் கொடுத்தா செல்லாதுன்னு விதி. இதோ அறிவிப்பு, நாப்பது பக்கம். வேணும்னா படிச்சுப் பாருங்க."

"இதையெல்லாம் நான் என்னிக்குப் படிச்சிருக்கேன்? படிச்சா அவங்க சொல்றதுதான் சரின்னு தோணிடும். கடைசிப் பக்கத்தை எடுங்க. ஏம்மா, என் பேனா எங்கே?"

உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "இந்த இடைஞ்சலைப் பொதுமக்கள் வெகுகாலம் பொறுத்துவிட்டார்கள். உடனே அகற்ற வேண்டும். பழுது பார்க்கிறோம் என்று சாக்குச் சொல்லித் திரும்பவும் உள்ளே விடக் கூடாது. பழசாயிற்றே என்று பரிதாபமும் பார்க்கக் கூடாது."

"கடைசி வரி அருமை சார்," என்றார் அதிகாரி. விரலைப் பக்கத்தின் அடியில் வைத்துக் காட்டினார். "கீழே மேல்முறையீடுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"அது எதுக்கு? கிடையவே கிடையாதுன்னு போட்டுடறேன்."

அதிகாரி அறிவிப்பின் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்கு இனிமே கிடைக்க மாட்டாங்க சார்," என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் ஓடினார்.

மெக்கானிக்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். அஞ்சு மணிக்கு நேரில் போய் நின்று, பீரோ இல்லாத நடைவழியில் ஒரு தடவை கைவீசி நடந்து பார்க்க வேண்டும்.

"பதினோரு வருஷம்! கடைசியில நான் சொன்னது ஒண்ணு நடக்கப் போவுது!" என்றார், கண்ணாடி முன்னால் நின்று பொத்தான் போட்டபடி.

மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலின் முதல் பக்கத்தைப் புரட்டினார். படித்ததையே திரும்பப் படித்தார்.

"என்னங்க, எதுக்கும் முட்டியைப் பத்திரமா பார்த்துக்கிட்டுப் போங்க. பீரோ அங்கேயேதான் இருக்கும்."

"என்னடி உளர்றே?"

அந்த அம்மாள் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"பொருள்: கடந்த பதினோரு ஆண்டுகளாக விடாமல் கருத்து அனுப்பிவரும் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக்கை, பொதுமக்கள் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக நீக்குவது குறித்துப் பொதுமக்களின் கருத்து."